ஆக்‌ஷன் கேமராவுக்குத் தண்ணீருக்கடியில் எந்த லைட், அதை எதில் மாட்டுவது?

கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்களிடம் ஒரு ஆக்‌ஷன் கேமரா இருக்கிறது. இருபது டைவ் முடித்திருக்கிறீர்கள். 12 மீட்டர், 15 மீட்டர் ஆழத்தில் எடுத்த வீடியோ எல்லாம் நீலச்சாயத்தில் முக்கி எடுத்தது போல வருகிறது. சாதாரண டார்ச் அடித்து எடுத்தால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம், அதைச் சுற்றிப் பனி பெய்வது போல வெள்ளைப் புள்ளிகள். அதனால் ‘10,000 லூமன்’ (லைட் மொத்தமாக வெளிவிடும் ஒளியின் அளவு) என்று போட்டிருக்கும் லைட் இரண்டு வாங்கலாமா, அவற்றைத் தலையில் மாட்டுவதா, கேமராவோடு சேர்த்து ட்ரேயில் (கைப்பிடி வைத்த உலோகத் தட்டு) மாட்டுவதா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ‘எவ்வளவு லூமன் போதும்?’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் தப்பான சாமான் வாங்குவீர்கள். ஏனென்றால் நீலம், வெள்ளை வட்டம், பனி என்ற உங்கள் மூன்று தொல்லைக்கும் காரணம் தனித்தனி. லூமனைக் கூட்டினால் ஒன்று பாதி தீரும், ஒன்று அப்படியே இருக்கும், ஒன்று இன்னும் மோசமாகும்.

நான் பல வருடமாக சின்ன கேமராக்களில் தண்ணீருக்கடியில் படம் எடுக்கிற ஆள். பெரிய சினிமா கேமரா, குகை டைவிங், 40 மீட்டருக்குக் கீழே போவது, இவற்றில் எனக்கு அனுபவம் கிடையாது. கீழே நான் சொல்வதில் ஒளி பற்றிய கணக்கு உறுதியானது. எத்தனை லூமன், லைட்டைத் தாங்கும் ஆர்ம் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் என் கைப்பழக்கத்தில் வந்த முடிவு. இன்னொருவர் வேறு சொல்லலாம்.

முதலில் நீலம். தண்ணீர் சிவப்பு ஒளியை வேகமாக விழுங்கும், நீலத்தை மிக மெதுவாக. சுத்தமான தண்ணீரிலேயே அடர்சிவப்பு ஒளி ஒரு மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு வந்து சேருவது மூன்று, நான்கு சதவீதம்தான். ஆரஞ்சு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், மஞ்சள் அதைவிடக் கொஞ்சம் கூட. டைவிங் வகுப்பில் ‘5 மீட்டரில் சிவப்பு போய்விடும்’ என்பார்கள். கோடு போட்ட மாதிரி அங்கே நின்றுவிடாது, சரிவாகக் குறைந்துகொண்டே போகும். ஆழத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, ஒளி தண்ணீருக்குள் நடந்த மொத்தத் தூரத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் 3 மீட்டர் ஆழத்தில் இருந்தாலும், 8 மீட்டர் தள்ளி நிற்கும் நண்பரின் சிவப்பு ஃபின்ஸ் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) கேமராவில் கருப்பாகத்தான் விழும். மேலிருந்து 3, அங்கிருந்து உங்களுக்கு 8, ஆக 11 மீட்டர் தண்ணீர்.

உங்கள் லைட்டும் இந்தக் கணக்குக்குத் தப்பாது. அதற்குப் போகவும் வரவும் இரண்டு பயணம். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பவளத்தில் பட்டுத் திரும்பும் சிவப்பில் பாதிதான் லென்ஸுக்கு வரும். 3 மீட்டர் தள்ளி என்றால் ஆறு மீட்டர் பயணம், எட்டில் ஒரு பங்கு. இதோடு, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்ற பழைய விதியும் சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் பெருக்கினால், 1 மீட்டரில் கிடைக்கும் சிவப்பை 3 மீட்டரில் கொண்டுவர உங்களுக்கு ஏறக்குறைய 35 மடங்கு பெரிய லைட் வேண்டும். லைட்டை 35 மடங்கு ஆக்குவதா, இரண்டு மீட்டர் முன்னால் போவதா? என்னிடம் யார் லைட் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு பக்கத்தில் போய் எடுக்கிறீர்கள் என்பதுதான்.

பகல் டைவில் இன்னொன்றும் இருக்கிறது. 2,500 லூமன் லைட் ஒன்று 100 டிகிரிக்கு ஒளியை விரித்தால், 1 மீட்டர் தூரத்தில் சுமார் 1,100 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு) விழும். உச்சி வெயிலில் கடலின் மேல் விழுவது ஒரு லட்சம் லக்ஸ் அளவு. தெளிந்த கடலில் 10 மீட்டர் இறங்கின பிறகும் அதில் ஆயிரக்கணக்கில் மிஞ்சி நிற்கும். வெளிச்சத்தில் சூரியனோடு போட்டி போட உங்கள் லைட்டால் ஆகாது. ஆனால் சூரியனிடம் அங்கே சிவப்பு கையிருப்பு இல்லை, உங்கள் லைட்டிடம் இருக்கிறது. அரை மீட்டர் வரை போய்விட்டீர்கள் என்றால் அதே லைட் 4,400 லக்ஸ் கொடுக்கும், பவளத்தின் உண்மையான ஆரஞ்சும் சிவப்பும் சட்டென்று எழுந்து வரும். எனவே பகலில் லைட் என்பது கைக்கெட்டும் தூரத்துக்கு நிறம் பூசுகிற பிரஷ். அதற்கு அப்பால் இருக்கும் மீன் கூட்டம், கப்பல் சிதைவு, நீச்சலடிக்கும் நண்பர் ஆகியவற்றுக்கு லைட்டை மறந்துவிட்டு வைட் பேலன்ஸையோ (கேமராவின் நிறச் சமன் அமைப்பு) சிவப்பு ஃபில்டரையோ நம்புங்கள். இரவு டைவில் கதை வேறு. போட்டிக்குச் சூரியன் இல்லாததால் 1,000 லூமனே பெரிய விஷயமாகத் தெரியும்.

இப்போது அந்த ‘10,000 லூமன்’. அட்டையில் அச்சடித்திருப்பதை நம்புவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போடலாம். லைட்டில் என்ன பேட்டரி செல் போடுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் 18650 என்ற வகை, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதன் நல்ல செல் 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவுதான் தாங்கும், வோல்ட் 3.6. பெருக்கினால் சுமார் 12.6 வாட் மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், ஒரு செல்லில் 1,260 லூமன் ஒரு மணி நேரம் எரியும், அவ்வளவுதான். ஒற்றை 18650 போட்டு ‘10,000 லூமன், 2 மணி நேரம்’ என்று ஒருவர் விற்றால் அது நடக்காத காரியம். அதே மாதிரி 18650 செல்லின் மேல் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அந்தச் செல்லை வாங்காதீர்கள், அந்தக் கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள். ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறைப்படி சோதித்தது என்று போட்டிருந்தால் கொஞ்சம் நம்பலாம். அதில் லூமனை லைட் போட்டு 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளப்பார்கள். ஆனால் எரியும் நேரத்தை, வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையும் வரை கணக்கில் எடுப்பார்கள். ஆக, ‘90 நிமிடம்’ என்பது முழு வெளிச்சத்தில் 90 நிமிடம் என்று அர்த்தமாகாது.

எனக்கும் இந்தப் பாடம் காசு கொடுத்துத்தான் கிடைத்தது. ஆரம்பத்தில் பெரிய எண் ஒன்றைப் பார்த்து வாங்கிய லைட், தண்ணீரில் ஏழாவது நிமிடத்தில் சத்தமில்லாமல் பாதியாகக் குறைந்தது. சூடேறினால் தானாக இறங்கும்படி வடிவமைத்திருந்தார்கள். அதைக் கையேட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு எடுத்த வீடியோவைப் பார்த்தால், முதல் காட்சியில் பளிச்சென்று இருக்கும் விலாங்கு மீன், கடைசிக் காட்சியில் அழுக்கு நிறமாக இருக்கும். கேமராவின் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) தானாக ஏறி அதைச் சரிக்கட்டப் பார்த்திருந்ததால் எனக்கு டைவ் முடியும் வரை தெரியவே இல்லை. இப்போது எந்த லைட் வாங்கினாலும், ஒரு வாளித் தண்ணீரில் முழுக வைத்து, முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, பக்கத்தில் கடிகாரத்தை வைத்து உட்கார்ந்துவிடுவேன். தண்ணீருக்கு வெளியே மட்டும் அப்படி எரியவிடாதீர்கள், பல டைவ் லைட்டுகள் தண்ணீரை நம்பித்தான் சூட்டை வெளியேற்றுகின்றன.

அடுத்தது வெள்ளை வட்டம். உங்களிடம் இருக்கும் டார்ச் ஒளியை ஒரு குறுகிய கம்பி மாதிரி அனுப்புகிறது, 10 அல்லது 15 டிகிரி. பாறை இடுக்குகளைப் பார்க்கவும் நண்பருக்கு சைகை காட்டவும் அது அருமையான சாமான். ஆனால் ஆக்‌ஷன் கேமரா அகலமாகப் பார்க்கிறது. அதனால் படத்தின் நடுவில் மட்டும் ஒரு தட்டு அளவுக்கு வெளுத்து, மற்ற இடம் இருட்டாகிறது. லூமனை ஏற்றினால் தட்டு இன்னும் வெளுக்கும், வேறு ஒன்றும் மாறாது. வீடியோ லைட் என்று தனியாக விற்பது 100, 120 டிகிரி என்று சமமாகப் பரப்பும், நடுவில் மட்டும் தனியாகப் பளிச்சிடாமல். கேமராவின் கோணமும் தண்ணீருக்குள் சுருங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். தட்டையான கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்க்கும்போது ஒளி வளைவதால், காற்றில் 120 டிகிரி பார்க்கும் லென்ஸ் தண்ணீரில் 80 டிகிரி அளவே பார்க்கும். முன்கண்ணாடி தட்டையாக இருக்கிற லைட்டுக்கும் இதே சுருக்கம் உண்டு. எனவே கேமராவின் கோணமும் லைட்டின் கோணமும் காற்றில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தண்ணீரிலும் ஒன்றாகவே இருக்கும். கேமராவில் மிக அகலமான காட்சியைத் தவிர்த்து நேர்க்கோட்டுக் காட்சிக்கு மாற்றினால் லைட்டின் வேலை இன்னும் எளிது.

நிறத்தின் தரம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 5,000 முதல் 5,600 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் எண்) வரை, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண்) 90-க்கு மேல் இருந்தால் நல்லது. மலிவான எல்இடி பார்வைக்கு வெள்ளையாக இருந்தாலும் அதில் சிவப்பு குறைவாக இருக்கும். நாம் லைட் வாங்குவதே சிவப்புக்காக. லூமன் குறைவாக, சிஆர்ஐ அதிகமாக இருக்கும் லைட்டையே நான் எடுப்பேன். இன்னொரு சோதனை: வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, ஒரு வெள்ளைச் சுவரில் அடித்து, கேமராவின் ஷட்டரை 1/500 போல வேகமாக வைத்துப் பதிவு செய்து பாருங்கள். படத்தில் குறுக்குக் கோடுகள் ஓடினால் அந்த லைட் வேகமாக அணைந்து எரிந்துதான் மங்கலைக் காட்டுகிறது. வீடியோவுக்கு ஆகாது.

இப்போது பனி. லைட்டை எங்கே வைப்பது என்ற உங்கள் கேள்விக்கு உயிர்நாடி இதுதான், லைட்டின் விலையைவிட இதில்தான் படம் மாறும். தூறல் விழும் ராத்திரியில் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறீர்களா? கண் முன்னால் மழைத்துளிதான் மின்னும், பாதை தெரியாது. அதையே கழற்றி இடுப்புக்குக் கீழே பிடித்தால் பாதை தெரிய ஆரம்பிக்கும். தண்ணீரில் மிதக்கும் துகள்களும் அந்த மழைத்துளிதான். லைட் லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்தால், லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு துகளும் லைட்டை நேராக லென்ஸுக்கே திருப்பி அனுப்பும். லைட் எவ்வளவு பெரிதோ பனி அவ்வளவு அடர்த்தி. அதனால் லைட்டைத் தள்ளி வைக்க வேண்டும், அதற்குத்தான் ஆர்ம்.

எவ்வளவு தள்ளி? தண்ணீரில் 80 டிகிரி விரியும் லைட் ஒன்றை லென்ஸிலிருந்து பக்கவாட்டில் 40 சென்டிமீட்டர் தள்ளி, நேராக முன்னால் பார்க்கும்படி வைத்தால், அதன் ஒளிக்கூம்பின் உள்விளிம்பு லென்ஸுக்கு எதிரே சுமார் 48 சென்டிமீட்டர் தூரத்தில்தான் வந்து சேரும். அதற்கு இந்தப் பக்கம் லென்ஸுக்கு நேர் எதிரே மிதக்கும் தூசியெல்லாம் இருட்டில் நிற்கிறது, மீன் வெளிச்சத்தில் நிற்கிறது. புதிதாக எடுப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் லைட்டை உள்பக்கமாகத் திருப்பி மீனைக் குறிபார்ப்பார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். அது நடுத்தண்ணீர் முழுவதையும் பற்றவைத்துவிடும். லைட் நேராகவோ, ஒரு சொட்டு வெளிப்பக்கமாகவோ பார்க்கட்டும். கூம்பின் ஓரம் பொருளைத் தொட்டால் போதும். லென்ஸ் இருக்கும் கோட்டைவிடக் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். சரிபார்க்க ஒரு வழி: ஒரு கையால் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை லென்ஸுக்கு முன்னால் நீட்டி, மெல்ல மீனின் பக்கம் கொண்டுபோங்கள். விரல்கள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் நுழைகிற இடம் எதுவென்று திரையில் பாருங்கள். அது மீனுக்குச் சற்று முன்னால் இருந்தால் சரி. உள்ளங்கையே பளீரென்று எரிந்தால் ஆர்மை இன்னும் விரியுங்கள்.

இரண்டு லைட் இல்லாமல் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை லென்ஸுக்கு இடதுபக்கம் மேலே, கை நீட்டும் தூரத்தில், சாய்வாக வையுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழுவது கண்ணுக்குப் பழகியது, ஒரு பக்க நிழலும் மீனுக்கு உருவம் கொடுக்கும். நல்ல லைட் ஒன்று, சுமாரான லைட் இரண்டைவிட மேல் என்பது என் அபிப்பிராயம். ஒன்று மட்டும் உறுதி: உங்கள் ஃபின்ஸோ நண்பரின் ஃபின்ஸோ மணலைக் கிளப்பிவிட்டால் எந்த ஆர்மும் காப்பாற்றாது. அந்தக் காட்சியை விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தலையில் மாட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தூறல் உதாரணம் ஒரு காரணம். அப்புறம், தலை எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அழுத்தமானியைப் பார்த்தால் லைட்டும் அதையே பார்க்கும், நண்பர் எங்கே என்று திரும்பினால் முழு வெளிச்சமும் அவர் கண்ணில் அடிக்கும். மணிக்கட்டில் கட்டுவதும் ஏறக்குறைய இதே கதை. செல்ஃபி குச்சி மாதிரி நீளக் கம்பு சில நேரம் உதவும், பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் நண்டிடம் கேமராவை மட்டும் நீட்டலாம். ஆனால் லைட் உங்களிடமே பின்னால் நின்றுவிடும். கம்பின் நுனியிலேயே லைட்டையும் மாட்டினால் பனி திரும்பி வந்துவிடும்.

ட்ரே வாங்குங்கள். இரண்டு கைப்பிடி வைத்த, சுமார் 30 சென்டிமீட்டர் அகல அலுமினிய ட்ரே. லைட் இல்லாத நாளிலும் அது பயன்படும். உள்ளங்கைக்குள் அடங்கும் கேமராவைக் கையில் பிடித்தால் மணிக்கட்டின் ஒவ்வொரு நடுக்கமும் படத்தில் விழும். அதையே இரண்டு கைகளுக்கு நடுவில் அகலமாகப் பிடித்தால் தண்ணீரின் எதிர்ப்பே அசைவை அடக்கிவிடும். ஆக்‌ஷன் கேமராவின் ஆட்டநீக்கி மேலே நன்றாக வேலை செய்யும், ஆழத்தில் வெளிச்சம் குறைந்து ஷட்டர் மெதுவானால் படத்தை நிறுத்திவைக்கும், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் துடைத்துவிட்டது போல மங்கும். ட்ரேயால் கிடைக்கும் நிதானத்துக்கு அந்தக் குறை இல்லை.

ஆர்மில் இரண்டு வகை. ஒன்று, பிளாஸ்டிக் மணிகளைக் கோத்தது போல வளையும் ஆர்ம். மலிவு, சட்டென்று வளைக்கலாம், ஒரு கையாலேயே சரிசெய்யலாம். சின்ன லைட்டுக்குப் போதும். பெரிய லைட் மாட்டினால் தண்ணீருக்கு வெளியே தலையைத் தொங்கப்போடும். படகில் ஏறும்போது யாராவது உதவி செய்கிறேன் என்று அந்த ஆர்மைப் பிடித்துத் தூக்கினால் பல்லி வால் மாதிரி கழன்று கையோடு வந்துவிடும். இன்னொன்று, இரண்டு முனையிலும் ஒரு அங்குல உருண்டைக் குண்டு வைத்த உலோக ஆர்ம், அவற்றை இணைக்கும் கிளாம்ப். கனமாகவும் விலையாகவும் இருக்கும், ஆனால் இது உலகம் முழுவதும் ஒரே அளவு. நாளைக்கு வேறு நிறுவனத்தின் லைட், வேறு கேமரா வாங்கினாலும் இதே ஆர்ம் ஒட்டும். ஒவ்வொரு பக்கமும் 20 சென்டிமீட்டர் துண்டு இரண்டு, கிளாம்ப் மூன்று என்று ஆரம்பியுங்கள். முழங்கையும் தோளும் போல மடங்கும். லைட்டின் அடியில் எந்த வகைப் பொருத்தி இருக்கிறது, அது குண்டாக மாறுவதற்குத் தனி அடாப்டர் வேண்டுமா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள்.

இந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி எப்போதும் கேமராவின் அடியில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் விரல்களும் திருகாணியும்தான். லைட் ஆர்ம் எல்லாம் இறுக்கமாக இருக்க, கேமரா மட்டும் மெல்லத் தலைகுனிந்துகொண்டே போகும். உலோகத் திருகாணி போட்டு, கையால் இறுக்கிய பிறகு சின்ன ஸ்பேனரால் இன்னும் கால் சுற்று திருப்புங்கள். குதிப்பதற்கு முன்னால் கேமராவை விரலால் அமுக்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

எல்லாம் மாட்டியதும் தண்ணீரில் அதன் எடை என்ன என்று பாருங்கள். ஒரு பெரிய தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் கயிறு கட்டி, மொத்தத்தையும் முழுக்கித் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் தண்ணீரில் உங்கள் மணிக்கட்டு சுமக்கப்போவது. கடல்நீரில் இன்னும் கொஞ்சம் குறையும். 200, 300 கிராம் வரை எனக்குத் தொல்லை இல்லை. முக்கால் கிலோ என்றால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும், படமும் முன்பக்கம் சாயும். அதற்கு உள்ளே காற்று அடைத்த, கெட்டியான மிதவை ஆர்ம் கிடைக்கிறது. மெத்து மெத்தென்ற ஸ்பாஞ்ச் சுற்றுவது தொட்டியில் வேலை செய்யும், 15 மீட்டரில் அழுத்தத்தில் சுருங்கி மிதப்பை இழந்துவிடும். முழுவதும் மிதக்கவிடவும் வேண்டாம், கைநழுவினால் மேலே போய்விடும். சுருள்கயிறு ஒன்றால் உடுப்பில் இருக்கும் வளையத்தோடு கொக்கி போட்டுக்கொள்ளுங்கள், அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய கொக்கியாக.

கேமரா அமைப்பு பற்றிச் சுருக்கமாக. லைட் போட்டுப் பக்கத்தில் எடுக்கும்போது வைட் பேலன்ஸை 5,500 கெல்வினில் பூட்டிவிடுங்கள்; தானாக விட்டால் ஒரே காட்சிக்குள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். சிவப்பு ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ஃபில்டரும் வெள்ளை லைட்டும் சேர்ந்தால் பவளம் தக்காளிக் குழம்பு நிறத்தில் வரும். ஃபில்டர் வேண்டியது லைட் இல்லாமல், வெயிலை நம்பி 5 முதல் 15, 20 மீட்டர் வரை எடுக்கும்போதுதான், அதுவும் நீலத் தண்ணீரில். பச்சைத் தண்ணீருக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மெஜந்தா ஃபில்டர். ஐஎஸ்ஓவுக்கு உச்சவரம்பு 800 போல வையுங்கள், இரவில் 1,600. ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் பெரும்பாலும் ஃபோகஸ் மாறாதது, மிகப் பக்கத்தில் போனால் மங்கும். 30 சென்டிமீட்டருக்குள் போகும் ஆசை இருந்தால் முன்னால் மாட்டும் மேக்ரோ லென்ஸ் தனியாக வேண்டும்.

நீங்கள் 15 மீட்டர் போவதாகச் சொன்னதால் இதைக் கேட்கிறேன்: ஹவுசிங் (கேமராவை மூடும் நீர்ப்புகா உறை) போட்டுத்தானே போகிறீர்கள்? கோப்ரோ ஹீரோ வரிசையில் பெரும்பாலானவை ஹவுசிங் இல்லாமல் 10 மீட்டர் வரைதான். டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன் 4 என்ற மாடல் 18 மீட்டர் என்கிறது. இரண்டுக்கும் அவர்களுடைய ஹவுசிங் போட்டால் 60 மீட்டர். லைட்டின் ஆழ அளவையும் அதே கண்ணோடு பாருங்கள். லைட்டில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் லைட்டின் குற்றம் அல்ல. செல் மாற்றி மூடும்போது ஓ-ரிங்கில் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஒட்டியிருக்கும் ஒற்றை முடி போதும். வெளிச்சத்தில் பிடித்து, விரல் நுனியால் ஒரு சுற்று தடவி, மணல் உறுத்துகிறதா என்று பார்த்து, பளபளப்பு மட்டும் தெரியும் அளவுக்கு கிரீஸ் தடவுங்கள். அதிகம் தடவினால் அதுவே மணலை இழுத்து வைக்கும். டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரமாவது ஊறவைத்து, பட்டன்களை அமுக்கி அமுக்கி உப்பை வெளியேற்றுங்கள். கிளாம்பின் எஃகுத் திருகாணியும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும், மாதம் ஒருமுறை முழுவதும் கழற்றி கிரீஸ் போடாவிட்டால் பிறகு கழற்றவே முடியாது. விமானத்தில் போனால் லித்தியம் உதிரிச் செல்களைக் கைப்பெட்டியில்தான் வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். லைட்டுக்குள்ளேயே விட்டுவிட்டால் பெட்டிக்குள் தானாக எரிந்து சூடேறும் ஆபத்து உண்டு, கழற்றிவிடுங்கள்.

உயிரினங்களுக்கு இந்த வெளிச்சம் எவ்வளவு கெடுதல் என்பதில் டைவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் தூங்கும் மீன் முகத்தில் லைட் அடித்தால் அது மிரண்டு பாறையில் போய் மோதுவதை நானே பார்த்திருக்கிறேன். முதலில் குறைந்த வெளிச்சத்திலோ சிவப்பு லைட்டிலோ நெருங்கி, சட்டகம் அமைத்த பிறகு ஏற்றி, பத்து, பதினைந்து வினாடி எடுத்துவிட்டு இறக்கிவிடுவேன். இரவில் இன்னொரு வேடிக்கை உண்டு: லைட்டை ஒரே இடத்தில் ஒரு நிமிடம் வைத்திருந்தால் எங்கிருந்தோ சின்னப் புழுக்களும் இறால் குஞ்சுகளும் கும்பலாக வந்து மொய்க்கும், லென்ஸ் முன்னால் மறுபடியும் பனிதான். அணைத்துவிட்டு முப்பது வினாடி காத்திருந்தால் கலைந்துவிடும்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வரிசையில் வாங்குவேன். இப்போது ட்ரே மட்டும். அதை வைத்து அடுத்த பத்து டைவ், லைட் இல்லாமல், அசையாமல் மிதந்து நிற்கவும் அரை மீட்டர் வரை நெருங்கவும் பழகுவேன். இருபது டைவில் இரண்டு ஆர்மையும் விரித்துப் பிடித்துக்கொண்டு மிதப்பையும் காற்றையும் கவனிப்பது கஷ்டம், கவனம் சிதறினால் பவளத்தில்தான் போய் இடிப்போம். அதன் பிறகு 2,000 முதல் 3,000 லூமன் வரை உண்மையாகவே தரக்கூடிய, 100 டிகிரிக்கு மேல் விரியும் லைட் ஒன்று, குண்டு ஆர்ம் ஒரு பக்கத்துக்கு. இரண்டாவது லைட்டை, முதலாவதை எங்கே வைத்தால் என்ன நிழல் விழுகிறது என்று பார்க்காமலே சொல்ல முடிகிற நாளில் வாங்கினால் போதும். அந்த 10,000 லூமன் லைட்டின் விற்பனைப் பக்கத்தை இன்னும் மூடாமல் வைத்திருந்தால், அதில் எத்தனை செல், எவ்வளவு நேரம் என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.